எங்கள் பங்கு எவ்வளவு?

தூத்துக்குடியில் கப்பல் கட்ட வரும் நிறுவனத்தாருக்கும், அவர்களை அழைத்து வரும் அதிகாரிகளுக்கும்,



நான் இந்த ஊர்த் துறைமுகத்தில் முப்பத்தோர் ஆண்டு டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குவதை ஒவ்வொன்றாக எண்ணி, தாளில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு, சாயங்காலம் கப்பல்காரர் கணக்கோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஒரு மூட்டை குறைந்தால் ‘குறைவு’ என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் அந்த மூட்டை நம் தலையில் விழும். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. 2025 செப்டம்பரில் கொச்சி கப்பல் கட்டும் தளமும் மும்பை மசகான் டாக்கும் தலா 15,000 கோடி ரூபாயில் இங்கே கப்பல் கட்டும் தளம் அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட செய்தியைப் படித்தபோது, கை தானாகப் பென்சிலைத் தேடியது. மொத்தம் 30,000 கோடி. 55,000 பேருக்கு வேலை. நல்ல செய்திதான். இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். சில உருப்படிகள் குறைகின்றன.

நீங்கள் எண்ணியவற்றில் பிழை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரே இலங்கை நிற்பதால் வங்கக் கடலின் பெரிய அலை எங்கள் கரைக்கு அவ்வளவாக வருவதில்லை. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்தில் கடலுக்குள் இரண்டு கற்கரைகள் போட்டு 1974 ஜூலை 11-இல் பெருந்துறைமுகமாக அறிவித்த துறைமுகம் இது. மழைக்காலத்திலும் வேலை பெரும்பாலும் நிற்காது. உலகக் கப்பல் பாதை கூப்பிடு தூரம். 2024 பிப்ரவரியில் 7,056 கோடி ரூபாய் வெளித் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புதுப் பெட்டக முனையம் வந்தது. 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம், ஆகஸ்டில் சிலாநத்தத்தில் வியட்நாம்காரர்களின் மின்சாரக் கார் ஆலை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் புறவழிச் சாலையில் போனால், துறைமுகத்துக்குப் போகும் காற்றாலை இறக்கை ஒன்று திருப்பத்தில் திரும்ப முடியாமல் கால் மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். டீக்கடைக்காரருக்கு அதில் வருத்தம் இல்லை.

உலகக் கப்பல் கட்டும் தொழிலில் சீனா, கொரியா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கின்றன. நம் நாட்டின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. அதை உயர்த்த மத்திய அரசு 69,725 கோடி ஒதுக்கியிருக்கிறது. ஆழம், இடம், மின்சாரம், மானியம் எல்லாம் உங்கள் தாளில் இருக்கிறது. ஆள் இல்லை. ஆள் என்றால் 55,000 என்ற எண் அல்ல. இந்தக் கரையில் ஏற்கெனவே கப்பல் கட்டிக்கொண்டிருக்கும் ஆள்.

ஆமாம், இங்கே இன்றும் கப்பல் கட்டுகிறார்கள். பழைய துறைமுகம் பக்கம் போனால் தோணி தெரியும். முந்நூறு, நானூறு டன் ஏற்றும் மரக்கலம். 1974-க்கு முன்னால் பெரிய கப்பல்கள் ஆழம் இல்லாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டுக் கிடந்த காலத்தில், பஞ்சையும் கருப்பட்டியையும் கொண்டுபோய் ஏற்றி, வந்த சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தது இந்தத் தோணிதான். புதுத் துறைமுகம் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. தோணிக்காரர்கள் கரையில் உட்கார்ந்துவிடவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சிமென்ட், வெங்காயம், காய்கறி, ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். மாலத்தீவில் எழும்பிய கட்டடங்களில் எங்கள் தோணி சுமந்துபோன கல்லும் இருக்கிறது.

தோணியைக் கட்டுகிற ஆசாரிக்கு ஓடாவி என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தோணிப் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பேன். ஏரா என்கிற அடிக்கட்டை வைத்து, அதற்கு மேல் விலா எலும்பு போல வங்குகள் நிறுத்தியிருந்தார்கள். நேரான மரத்தை அவர்கள் வளைப்பதில்லை. வேண்டிய வளைவில் வளர்ந்த வேம்பையும் வாகையையும் தேடிப்போய் வாங்கி வருவார்கள். பலகையைப் பொருத்துவதற்கு முன் பெரிய ஓடாவி வாச்சியின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். ஓசை பிடிக்கவில்லை என்றால் பலகை திரும்பப் போகும். பலகைகளுக்கு இடையில் பஞ்சைத் திணித்து எண்ணெய்ப் பசை போட்டுக் கலப்பத்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒருநாள் அவரிடம், இதற்கு வரைபடம் எங்கே அண்ணாச்சி என்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த கயிற்றுத் துண்டை எடுத்துக் காட்டினார். அதில் முடிச்சு முடிச்சாக இருந்தது. அகலம் இந்த முடிச்சு, அணியத்து உயரம் அந்த முடிச்சு. அந்தக் கயிற்றை வைத்துக் கட்டிய தோணி அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. ஓடாவி போய்விட்டார். கயிறு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவருடைய பேரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

தோணியை ஓட்டுகிறவர் தண்டல். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு அதிகம் இருக்காது. நீரோட்டம் மாறுவதை உடம்பு ஆடும் ஆட்டத்தில் கண்டுபிடிப்பார். கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் தோணியைக் கரையில் ஒதுக்கிப் பழுது பார்ப்பார்கள். எந்த ஆணி தளர்ந்தது, எந்த மூட்டில் நீர் கசிந்தது என்று அப்போது தண்டல் சொல்லச் சொல்ல ஓடாவி குறித்துக்கொள்வார். கட்டுகிறவரும் ஓட்டுகிறவரும் ஒரே கட்டையில் உட்கார்ந்து பேசுவது உங்கள் பெரிய தளங்களில் எவ்வளவு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இங்கே அதுதான் வழக்கம்.

உங்கள் கப்பல் இரும்பு, எங்கள் தோணி மரம், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓடாவியை நாளைக்கே வெல்டராக்க முடியாது. ஆனால் மிதக்கப்போகிற ஒன்றை மிதக்கும் முன்பே கண்ணால் பார்க்கத் தெரிந்த வீட்டில் பிறந்த பையனுக்கும், வாழ்நாளில் கடலையே பார்க்காத பையனுக்கும் பயிற்சி தருவதில் வித்தியாசம் உண்டா இல்லையா? அவனிடம் சான்றிதழ் இல்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் அவனுக்குக் கட்டமும் இல்லை.

சான்றிதழ் இருந்தாலும் என்ன நடக்கிறது என்பதற்கு என் வீட்டிலேயே கதை இருக்கிறது. என் தங்கை மகன் இந்த ஊரில் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். பக்கத்தில் ஒரு பெரிய ஆலை வந்தது, பெயர் வேண்டாம். நிலம் எடுக்கும்போது உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை என்று மேடை போட்டுச் சொன்னார்கள். இவனுக்குக் கிடைத்தது ஒப்பந்தக்காரரிடம் காவலாளி வேலை. பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நின்று, உள்ளே போகிற வெளியூர் வெல்டர்களின் பெயரை நோட்டில் எழுதினான். எட்டு மாதம். பிறகு கடன் வாங்கிச் சிங்கப்பூர் போனான். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். போகிற அன்று பேருந்து நிலையத்தில் அவன் சொன்னது: “மாமா, இங்க கேட்ல நிக்கிறதுக்கு, அங்க கப்பலுக்கு அடியில நிக்கலாம்லா.” தூத்துக்குடிக்காரன் கப்பல் கட்டச் சிங்கப்பூர் போகிறான்; தூத்துக்குடியில் கப்பல் கட்ட நீங்கள் வேறெங்கிருந்தோ ஆள் கொண்டு வருவீர்கள். குறைவு என்று நான் எழுதுவது இதைத்தான்.

இனி நிலம். உப்பளத்தைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. வெறும் வெளி, பயிர் இல்லை, வீடு இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துடையது. மழை குறைவு, வெயில் நிறைய, காற்று ஓயாது. வேறு ஊருக்குச் சாபமாக இருப்பது எங்களுக்கு முதல். விடியுமுன் போய்ப் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கி, பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் குவிப்பார்கள். வெள்ளையில் பட்டுத் திரும்பும் ஒளியிலேயே கண் போனவர்கள் உண்டு. ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து இவர்களோடு பேசிப் பழகித்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அந்த நாவலுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. கணுக்காலில் வெடிப்பு இன்னும் இருக்கிறது.

2023 டிசம்பர் 17-ஐ நாங்கள் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்களுக்கு ஒரு வருடம் முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். அம்பாரம் அம்பாரமாக இருந்த உப்பு கரைந்து வந்த வழியே கடலுக்குப் போயிற்று. முதலாளிக்கு உப்பு போயிற்று. ஆளுக்கு வேலை போயிற்று. இப்போது உப்பள நிலம் தொழிலுக்குக் கைமாறும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அதே நினைப்புதான் வருகிறது. நிலம் எடுத்தால் இழப்பீடு பட்டாக்காரருக்கு, குத்தகைக்காரருக்கு. முப்பது வருடம் அந்தப் பாத்தியில் நின்றவளுக்கு எந்தத் தாளிலும் பெயர் இல்லை. உங்கள் ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியலில் முதல் பெயர் அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடலுக்குள் வருவோம். இங்கிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அவற்றைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்து 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இருபத்தொன்றில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அதற்குப் பெரிய காரணம் நாங்களேதான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோம். பாறை போனதும் அலை தீவைத் தின்றது. எங்கள் குற்றத்தை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போகிறது. அங்கே மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் அதிலிருந்து அறுத்ததுதான். முன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இப்போது படகில் கம்ப்ரஸர் வைத்து, வாயில் ரப்பர்க் குழாயைக் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே வருகிற வேகம் தப்பினால் கைகால் முடங்கிவிடும். முடங்கியவர்களை எனக்குத் தெரியும். சங்கு ஒரு நத்தை இனம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க ஒரு காலத்தில் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த வண்ணம் பூசினார்கள். அது நீரில் கரைந்து, ஐரோப்பியத் துறைமுகங்களை ஒட்டிய கடலில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. முட்டையிட முடியாமல் பல இடங்களில் நத்தையே இல்லாமல் போயிற்று. 2008 முதல் உலக அளவில் அந்த வண்ணத்துக்குத் தடை. இப்போது பெரும்பாலும் செம்பு கலந்த வண்ணம். பழைய கப்பலைச் சுரண்டிப் பழுது பார்க்கும்போது கீழே விழுகிற தூளில் எது எவ்வளவு இருக்கும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தூள் தளத்தின் தரையோடு நிற்கப்போகிறதா, அலையோடு போகப்போகிறதா? நீரைச் சோதித்த முடிவை மாதம் ஒரு தடவை தமிழில் எழுதி உங்கள் கேட்டிலேயே ஒட்டுங்கள். திரேஸ்புரத்து மீனவர் வலையை இறக்குமுன் அதைப் பார்த்துவிட்டுப் போவார். சென்னையில் ஏதோ அலுவலகத்துக் கோப்பில் அது இருந்து அவருக்கு என்ன பயன்?

இப்போது நான் எழுத வந்த விஷயம். பங்கு.

கடற்கரையில் சம்பளம் என்ற சொல் பிந்தி வந்தது. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பார்கள். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. ஊருக்கு ஊர், வலைக்கு வலை கணக்கு மாறும். முதல் தடவை கடலுக்கு வருகிற பையனுக்கு அரைப் பங்கு. மாதா கோயிலுக்கும் ஒதுக்குவது உண்டு. பங்கு இல்லாத ஆள் படகில் கிடையாது. மீன்பாடு இல்லாத நாளில் எல்லாருக்கும் இல்லை.

முத்துக்குளிப்பிலும் பங்குதான். வெள்ளைக்காரர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாக்கி ஒன்று குளியாளுக்கு, இரண்டு அரசாங்கத்துக்கு. உயிரைக் கொடுத்து இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று என்பது அநியாயம்தான். ஆனாலும் அது கண்ணெதிரே பிரித்த குவியல். அவன் தன் குவியலை அங்கேயே விற்கலாம். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் இங்கே உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான் நாட்டின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அது ஆய்வுக்கூடத்துப் பெருமையாக நின்றுவிட்டது, ஊருக்குத் தொழிலாகவில்லை.

இன்னொரு பங்கும் உண்டு. துறைமுகத்துக்கு 2011 முதல் யார் பெயர் இருக்கிறதோ, அவர் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். பத்து லட்சம் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. வ.உ.சி. ஊர் ஊராகப் போய் விற்றார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றது. 1908-இல் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1911-இல் சங்கம் முடிந்தது. அந்தக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேசபக்திப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கு அது கணக்குப் பாடமாகவும் படுகிறது. கடைக்காரரும் கப்பலில் பங்காளியாகலாம் என்று இந்த ஊரில் ஒருவர் எண்ணி, எண்ணியதைத் தாளிலும் எழுதினார்.

நீங்கள் இருவருமே பங்குச் சந்தையில் இருக்கிறீர்கள். எவரும் வாங்கலாம், தெரியும். முள்ளக்காட்டு உப்பளத் தொழிலாளி டீமேட் கணக்குத் தொடங்கட்டும் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். 55,000 என்கிறீர்களே, அதில் நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்தக்காரரிடம் எத்தனை, இந்த மாவட்டத்தாருக்கு எத்தனை, எந்த ஆண்டுக்குள் என்று எண்ணோடு எழுதுங்கள். ‘முன்னுரிமை’ என்ற சொல் வேண்டாம். அதை எண்ண முடியாது. உப்பளத்துப் பெண்களையும் திரேஸ்புரம், தருவைகுளம் படகுகளையும் அந்தக் கணக்கில் சேருங்கள். தளத்துச் சுவர் எழும்பினால் வள்ளங்கள் எந்த வழியாகப் போய்வரும் என்பதையும் வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். கிரேன் வருமுன் பயிற்சிக்கூடம் வரட்டும். அதைப் பழைய துறைமுகத்துப் பக்கத்திலேயே வையுங்கள். மிச்சமிருக்கிற ஓடாவிகளையும் தண்டல்களையும் வேடிக்கைப் பொருளாக அல்ல, சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக உட்கார வையுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கப்பல் பட்டறைகளில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அழைப்பு அனுப்பிப் பாருங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று நானே எண்ணித் தருகிறேன்.

இது ஆலை வேண்டாம் என்கிற ஊர் என்று யாராவது உங்கள் காதில் ஓதியிருப்பார்கள். அனல் மின் நிலையமும் உர ஆலையும் கன நீர் ஆலையும் இங்கேதான் இருக்கின்றன. 2018 மே மாதம் செம்பு ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனது ஆலை வந்ததால் அல்ல; பல வருடமாகக் கேட்ட கேள்விக்கு எவரும் பதில் சொல்லாததால். அந்த வீடுகள் எல்லாம் இதே ஊரில்தான் இருக்கின்றன.

அடிக்கல் நாட்டுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு முன் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து, எங்கள் பங்கு என்று ஒரு வரி சேர்த்து, அதில் எண்ணைப் போட்டு, தமிழில் அச்சடித்து ஊருக்குக் கொடுங்கள். அதன் பிறகு கல்லை வையுங்கள்; நாங்களே வந்து பிடிக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டாலி கிளார்க் ஒருவன்,
தூத்துக்குடி